நாற்பது வாட் பல்பும் ஏழு நீள நோட்டுகளும்

1

கணினியைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பெருமாள்மலையில் இதைப் பற்றி இரண்டு மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். இடி விழுந்துவிட்டது என்கிறார் ஒருவர். உபயோகமில்லாத மெஷினை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். எல்லாம் என் மேல் உள்ள மரியாதையால் சொல்வது. நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் உங்களிடம் உண்மையைச் சொல்வது சுலபமாக இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். இரண்டு அரசாங்கங்களும் பேசி முடிவெடுத்ததில் எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்குக்கு வந்தது. பதினான்கு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் சில வாரம் இருந்து, கடைசியில் கொடைக்கானல் போகிற சாலையில் இறக்கிவிடப்பட்டேன். மலையிலிருந்து வந்தவர்களை மலைக்கே அனுப்பினால் சௌகரியமாக இருப்பார்கள் என்று யாரோ ஓர் அதிகாரி நினைத்திருக்க வேண்டும்.

இந்த மாசியோடு முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் இறங்கிய நாளன்று என் மனைவி பாயசம் வைப்பாள். அது சந்தோஷத்துக்கா, சமாதானத்துக்கா என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இந்த வருஷம் பாயசத்தைக் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேனாவால்தான் எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

பழனிச் சாலையும் கொடைக்கானல் சாலையும் பிரிகிற இடத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு மேஜையும் நாற்காலியும்தான். மனு எழுதிக் கொடுப்பேன். பிறகு எஸ்.டி.டி. பூத் வைத்தேன், ஜெராக்ஸ் வைத்தேன். ஆளாளுக்குச் செல்போன் வந்த பிறகு பூத்தின் கண்ணாடிக் கூண்டில் உருளைக்கிழங்கு மூட்டை நிற்கிறது.

மனு எழுதுகிறவனிடம் ஆட்கள் மனுவுக்காக மட்டும் வருவதில்லை. தாயகம் திரும்பியவர் என்று சர்டிபிகேட் வாங்குவதற்காக எழுத வருவார்கள். எழுதி முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். "அண்ணே, எங்க தோட்டத்துல பழனியாண்டின்னு ஒருத்தர் இருந்தாரு. அவர எங்க கொண்டுபோய் எறக்கிவிட்டாங்கன்னு தெரியுங்களா?" என்பார்கள். ஒரே லயத்தில் இருந்தவர்களில் ஒருவரை நீலகிரியிலும், ஒருவரை ஆந்திரப் பக்கத்திலும், ஒருவரை ஏதோ ஒரு நூல் மில்லிலும் இறக்கிவிட்டிருந்தார்கள். யாருக்கும் யாருடைய விலாசமும் தெரியாது.

அதனால் ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போட்டேன். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், இறங்கிய இடம், இப்போது இருக்கும் இடம், குறிப்பு. தலைப்புக்குச் சிவப்பு மை, மற்றதற்கு நீலம். வந்தவர்களை எல்லாம் எழுதிக்கொண்டேன். உங்கள் பக்கத்திலிருந்து விசாரித்து வந்த கடிதங்களையும் அதே நோட்டில் பதிந்தேன். பல வருஷத்தில் நோட்டு ஏழு ஆயிற்று. தோட்டத்தின் பெயர் சொல்லி யாராவது கேட்டால், அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போவேன். இப்படிச் சில குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் வந்தது, பெயரோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஆறாவது கட்டமான 'குறிப்பு' எனக்கு எப்போதுமே தொல்லைதான். மற்ற ஐந்துக்கும் ஒரு வார்த்தை போதும். குறிப்பு என்று கேட்டால் மனிதர்கள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். புருவத்துத் தழும்பு, கோபித்துக்கொண்டு போன மாமன், பாதியில் நின்ற கல்யாணம். சொல்வதையெல்லாம் சுருக்கி எழுதுவேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

3

கணினி, கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வேண்டாம் என்று ஒதுக்கியது. பெட்டி டி.வி. மாதிரி பெரிய மானிட்டர். என் மகள் ரேணுகா கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். இரண்டு லீவுகளில் உட்கார்ந்து ஏழு நோட்டையும் அவள்தான் அதில் ஏற்றினாள்.

ரேணுகா கொடைக்கானலில் கான்வென்ட்டில் படித்தவள். பாதி நோட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது, "லயம்னா என்னப்பா? ரோ ஹவுஸா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வரிசையாகத்தான் இருந்தன, வீடுகள்தான். ஆமாம் என்றேன். ரோ ஹவுஸ் விளம்பரங்களை நானும் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். முன்னால் நீச்சல் குளம் இருக்கிறது.

இன்னொரு நாள், "குறிப்பு எதுக்குப்பா? ஸ்கிரீன்ல இடம் பத்தல. நேமும் பிளேஸும் இருந்தா சர்ச் பண்ணிக்கலாம்" என்றாள். அதற்கும் சரி என்றேன். ஆறு கட்டம் ஐந்தாயிற்று.

கணினியின் கட்டங்கள் எப்படிப்பட்டவை என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை ஓர் அலுவலகத்தில் என் விவரத்தைக் கணினியில் ஏற்றினார்கள். பிறந்த மாவட்டம் என்று வந்தபோது அதில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் மட்டும்தான் இருந்தன. மஸ்கெலியா என்றேன். ஏற்றிக்கொண்டிருந்த பெண் இரண்டு தடவை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். "எதையாச்சும் ஒண்ணை அமுக்குனாத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவுதுங்க. திண்டுக்கல்னு போட்டுரட்டா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். பின்னால் பெரிய கியூ நின்றது. அன்றிலிருந்து நான் திண்டுக்கல்லில் பிறந்தவன்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்த நாள் ரேணுகா எனக்குத் தேடிக் காட்டினாள். 'பழனியாண்டி' என்று அடித்தாள். தும்முகிற நேரத்தில் இருபது பழனியாண்டிகள் வந்து நின்றார்கள். எனக்கு உடம்பு புல்லரித்தது. ஒரு பிரதியை பிளாப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போனாள்.

மறுநாளே நான் ஒரு காரியம் செய்தேன். இனிமேல் இந்த நோட்டுகள் எதற்கு என்று, பக்கத்துக் கடைச் சங்கையாவிடம் ஏழையும் தூக்கிக் கொடுத்தேன். சங்கையா டீக்கடை வைத்திருக்கிறார். பஸ் நிற்கிற பத்து நிமிஷத்தில் எண்ணெய்ச் சட்டி நிறைய பஜ்ஜி போட்டு விற்றுவிடுவார். அவர் நோட்டைப் புரட்டி, தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல கெட்டித் தாளுண்ணே. எண்ணெய நல்லா உறிஞ்சும்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4

இனி பல்பு. ஐப்பசி கார்த்திகையில் இங்கே ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி நமத்துப் போகும், அலமாரியில் உள்ள துணி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மலையில் எல்லார் வீட்டிலும் ஒரு வைத்தியம் உண்டு. துணி அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு இரவும் பகலும் எரியவிடுவோம். துணி கமகமவென்று உலர்ந்திருக்கும்.

கணினிப் பெட்டிக்கு மேஜையின் அடியில் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. துணிக்கே பல்பு போடுகிறோம், உள்ளே இருக்கும் எண்ணூறு குடும்பங்களுக்குப் போடக் கூடாதா என்று நினைத்தேன். பெட்டியை ஒட்டினாற்போல் பல்பை மாட்டி, குளிர் புகாமல் கதவைச் சாத்தினேன். மூன்று வாரம் எரிந்தது. தொட்டுப் பார்த்தால் பெட்டி இதமாக இருக்கும். திருப்தியாகக் கடையைப் பூட்டிக்கொண்டு போவேன்.

அந்தச் சமயத்தில்தான் சிவனம்மாவின் கடிதம் வந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இவருடைய அம்மாவும் எட்டு வயதுத் தம்பி ராமையாவும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இவருக்குக் கல்யாணமாகிவிட்டிருந்தது. புருஷனுடைய குடியுரிமைக் காகிதம் இலங்கைப் பக்கம் என்பதால் இவர் அங்கேயே நின்றுவிட்டார். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது தான்தான் என்று எழுதியிருந்தார். தை மாதம் மகன் இவரை ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு அனுப்புகிறான். பழனியில் ஒரே ஒரு நாள் இருப்பார்கள். அதற்குள் தம்பி இருக்கிற இடம் தெரிந்தால் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போவேன் என்று முடித்திருந்தார்.

நான் அன்றைக்கே பதில் எழுதினேன். 'கவலை வேண்டாம். தங்கள் தம்பியின் விலாசம் எங்கள் கணினியில் உள்ளது. அடுத்த கடிதத்தில் அனுப்பிவைக்கிறேன்' என்று எழுதி, என் போன் நம்பரையும் போட்டுத் தபாலில் சேர்த்தேன். கணினியில் பார்த்துவிட்டு எழுதவில்லை. எண்ணூறு குடும்பம் இருக்கிறது, இந்த ராமையா எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியம்.

மறுநாள் காலையில் பொத்தானை அமுக்கினேன். உள்ளே யாரோ கல்லைக் கொறிப்பது போலச் சத்தம் வந்தது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து, அதோடு நின்றது. அணைத்துப் போட்டேன். அதே வரி வந்தது. கோயம்புத்தூருக்கு போன் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். "அப்பா, இனிமே அதைத் தொடாதீங்க" என்றாள் ரேணுகா.

5

கொடைக்கானலிலிருந்து மெக்கானிக் அருளப்பன் வந்தார். முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். காலத்துக்குத் தக்கபடி டி.வி.க்கும் கணினிக்கும் மாறிக்கொண்டவர். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மேஜைக் கதவைத் திறந்து பல்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்னத்துக்கு சார்? கோழிக்குஞ்சு கீது பொரிக்கிறீங்களா?"

"ஈரம் புகாம இருக்கட்டும்னு."

"ஈரம் புகலை சார். ஹார்ட் டிஸ்க்குதான் வெந்துருச்சு. எல்லா டேட்டாவும் அதுலதான் இருக்கும். பேக்கப் வச்சிருக்கீங்கல்ல?"

பிளாப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரும்பு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். பீரோவுக்குள் பல்பு கிடையாது. அருளப்பன் அதன் தகட்டை நகர்த்தி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே வட்டத்தின் மேல் பூஞ்சணம் பூத்திருந்தது.

"அப்ப ஒரிஜினல் நோட்டு இருக்கும்ல சார்? அதை வச்சு மறுபடி ஏத்திக்கலாம். நோ ப்ராப்ளம்."

நான் சங்கையாவின் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வத்தலக்குண்டு பஸ் நின்றிருந்தது. ஜன்னல் வழியாகப் பத்துப் பன்னிரண்டு கைகள் பஜ்ஜி வாங்கிக்கொண்டிருந்தன.

ஓடிப் போய்க் கேட்டேன். ஆணியில் மாட்டியிருந்ததை சங்கையா எடுத்துக் காட்டினார். இரண்டு நோட்டு முழுசாக, ஒன்று பாதி. மிச்சம் நாலரை நோட்டு பஜ்ஜியோடு மலை ஏறியும் இறங்கியும் போய்விட்டது.

"வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனியா எடுத்து வச்சிருப்பேன்லண்ணே. நீங்கதான ஒரு சோலிக்கும் ஆகாதுன்னீங்க" என்றார்.

டிஸ்க்கை மட்டும் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினார் அருளப்பன். மூன்று வாரம் கழித்து, பஞ்சு சுற்றி, ஒரு சீட்டோடு அது திரும்பி வந்தது. மீட்க இயலாது என்பதை அவர்கள் வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள். இப்போது அது கடையில் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்க உதவுகிறது.

6

ஞாயிற்றுக்கிழமைதோறும் சிவனம்மா போன் செய்தார். பதில் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது.

"தம்பி, கொம்பியூட்டர்ல என்ட தம்பிட அட்ரஸ் எடுத்துட்டீங்களா?"

முதல் வாரம் மின்சாரம் இல்லை என்றேன். இரண்டாவது வாரம் மெஷின் கொஞ்சம் கோளாறு என்றேன். மூன்றாவது வாரத்திலிருந்து அவரே, "கொம்பியூட்டருக்குச் சொகமாயிருச்சுங்களா?" என்று ஆள் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார். இன்னும் இல்லை என்றால் என்னைத் தேற்றுவார். "சுணங்குனாலும் பரவாயில்ல தம்பி. முன்னுக்கும் உங்களுக்கு ஒரு கடுதாசி போட்டேன், பல வருசம் ஆச்சு, பதில் வரல. இந்த வட்டம் பதில் வந்துச்சே, அதுவே பெரிசு. சரி, அடுத்த ஞாயிறு கோல் எடுக்கிறேன்."

அந்த முந்தைய கடிதம் எனக்கு ஞாபகமில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று சொன்னேன்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மலையில் உட்கார்ந்திருப்பது சிரமம். சங்கையா கடை வாசலில் போய் நின்றேன். பஸ் போன பிறகு கீழே கிடக்கிற தாள்களைப் பொறுக்கினேன். மேல் பக்கத்து ஆட்கள் வாங்கிப் போன தாள்கள் வீடுகளில் கிடக்கும் என்று சொல்லி அனுப்பினேன். ஊரே என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, வெரசாகத் தேடுவதில் இறங்கிவிட்டது. முறுக்கு மடித்த தாள், அலமாரித் தட்டில் விரித்த தாள், பிள்ளைக்குக் கப்பல் செய்து கொடுத்த தாள் என்று ஒவ்வொன்றாக வந்தன. எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து பின்பக்கம் தெரிந்தது. நீல மை கரைந்தது, சிவப்பு மை மட்டும் அசையாமல் நின்றது. ஆக, தலைப்புகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன.

நான் தாளுக்காக பஜ்ஜி வாங்கினேன் என்று ஒரு கதை இங்கே உலவுகிறது. அது பொய். மிச்ச நோட்டை நான் திரும்ப வாங்கிய அன்றே சங்கையா செய்தித்தாளுக்கு மாறிவிட்டார். அதற்கு முன்னால் வாங்கித் தின்ற பஜ்ஜிகள் பசிக்காகத் தின்றவை.

பொங்கலுக்கு முந்தின வாரம், கிளாவரை பஸ் கண்டக்டர் இறங்கி வந்து எட்டாக மடித்த ஒரு தாளை என் மேஜையில் போட்டார். கிளாவரை மேல்மலையில் கடைசி ஊர்; அதற்கப்புறம் கேரளா.

"கடேசி சீட்டு ஜன்னல் கடகடன்னு ஆடுதுன்னு எவனோ சொருகி வச்சிருக்கான். ஒரு மாசமாக் கெடக்கு. உங்க கையெழுத்து மாதிரி இருந்துச்சு."

பிரித்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது, எண்ணெய் அதிகமில்லை. நாலாவது வரியில் இருந்தது. ராமையா. தகப்பன் மாரிமுத்து. தோட்டம் தெரியாது, சிறு வயதில் வந்தவர். இப்போது இருக்கும் இடம்: கிளாவரை, பூண்டுத் தோட்டம். ஆறாவது கட்டத்தில் என் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'அக்காள் சிவனம்மா இலங்கையில். தேடுகிறார்.'

ஓரத்தில் எழுதிய தேதியைப் பார்த்தேன். ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முழுசாகத் தப்பிய இரண்டு நோட்டையும் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து குறிப்புக் கட்டத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். அவற்றை அப்படி வாசிப்பது அதுதான் முதல் தடவை. ஆறாவது நோட்டின் நடுவில் இருந்தது. 'சிவனம்மா, மஸ்கெலியா. கடிதம் வந்தது. தம்பி ராமையாவைத் தேடுகிறார்.' அதற்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அக்காளும் தம்பியும் என் இரும்பு பீரோவில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏழு வருஷம் படுத்திருந்திருக்கிறார்கள். நடுவில் இருந்தது இரண்டு அட்டை. கணினி நன்றாக இருந்திருந்தாலும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. மாரிமுத்து மகன் ராமையாக்கள் மூன்று பேரை மட்டும் வரிசையாக நிறுத்தியிருக்கும். கணினியைக் கெடுத்தது நான்தான் என்று ஆரம்பத்தில் ஒப்புக்கொண்டது சின்னக் குற்றத்தை. எழுதுவதிலேயே கவனமாக இருந்து, எழுதியதை ஒருநாளும் வாசிக்காமல் இருந்தேன். இதுதான் பெரியது.

7

மறுநாள் வெள்ளனே கிளாவரை பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டில் உட்கார வைத்தார். ஜன்னல் வழி நெடுக ஆடியது.

ராமையா பூண்டு கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தோரு வயது ஆள், கம்பளித் தொப்பி, கையெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறிக் கல்லின் மேல் விரித்தார். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பெருமாள்மலை மனு ஐயாதானுங்களே. ஆளத் தெரியுங்க. அம்மா செத்த வருசம் ஒங்ககிட்ட வந்து எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

உங்கள் அக்கா இருக்கிறார், தேடுகிறார், தை கடைசியில் பழனிக்கு வருகிறார் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த பூண்டுக் கட்டை முடிந்தார். அவிழ்த்து மறுபடி முடிந்தார்.

"அன்னிக்கு நீங்க ஸ்கேலு வச்சுக் கோடு போட்டு எழுதிக்கிட்டீங்க. அப்பவே எனக்கு நம்பிக்கைங்க. வீட்டுல கேக்கும் போதெல்லாம் சொல்லுவேன், ஆபீஸ் வேலைன்னா நாளாகும், அங்க வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கும்னு."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். அவர் உள்ளே திரும்பி, "ஏலே, காபி போடச் சொல்லு, மனு ஐயா வந்திருக்காரு" என்று மகனைக் கூப்பிட்டுவிட்டார். காபி வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

8

அடுத்த ஞாயிறு சிவனம்மா கூப்பிட்டபோது தம்பி கிடைத்ததைச் சொல்லி, சந்திக்கும் இடத்தையும் பேசி வைத்தேன். பழனியில் அடிவாரத்தில், சுற்றுலா பஸ்கள் நிற்கும் இடத்தில் காலையிலிருந்து நின்றோம். ராமையா புதுச் சட்டை போட்டிருந்தார். பூண்டுக் கட்டு ஒன்றை மஞ்சள் பையில் வைத்து, பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெயில் ஏறியது. எனக்கு மலையை விட்டு இறங்கினாலே தலை வலிக்கும். ராமையா ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வந்த பஸ்ஸிலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள். நரைத்த தலையும் ஒல்லி உடம்புமாக ஓர் அம்மா நேராக ராமையாவிடம் வந்தார். நான் அறிமுகப்படுத்த வாயெடுப்பதற்குள் அவர் ராமையாவின் கம்பளித் தொப்பியைக் கழற்றி, இடது காதைப் பிடித்துத் திருப்பி உள்ளே பார்த்தார்.

"சீழு வடிஞ்சுக்கிட்டே இருக்குமே. நின்னுருச்சா?"

"அது அப்பவே நின்னுபோச்சுக்கா."

"எண்ணெயில பூண்டு போட்டுக் காச்சி ஊத்துவேன். கப்பலுக்குப் போறன்னைக்கு ஊத்தாம விட்டுட்டேன். அதே நெனப்புத்தான் எனக்கு."

ராமையா பையை நீட்டினார். சிவனம்மா உள்ளே பார்த்தார். ஒரு பூண்டை எடுத்து முகர்ந்தார். அப்புறம் இரண்டு பேரும் பஸ்ஸின் நிழலில் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பஸ்ஸின் நம்பரை வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கண்ணீரில் நம்பர் சரியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது சிவனம்மா தன் கூட்டத்தைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதான். கொம்பியூட்டர்ல பாத்து எடுத்துக் குடுத்தவரு."

"கணினியில இல்லம்மா" என்றேன். "ரெண்டு பேர் பேரும் பல வருசமா எங்கிட்டத்தான் இருந்துச்சு. நான்தான் பாக்கல. உங்க மொதக் கடுதாசியும் வந்து சேந்துச்சு."

சிவனம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருக்கலாம், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "வந்துச்சா" என்று மட்டும் கேட்டார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரை போனார்.

மற்றவர்கள் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. "எங்க சித்தப்பா ஒருத்தர் வந்தாரு", "எங்க பெரியக்கா குடும்பம்" என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யாத்திரைத் தாளைக் கிழித்தும், விபூதிப் பொட்டலத்தின் பின்னாலும் எழுதிக் கொடுத்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். பஞ்சாமிர்தம் ஒட்டிய பதினாறு சீட்டுகள் என் கையில் இருந்தன.

பஸ் திரும்பி மறையும் வரை ராமையா கையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் சீட்டுகளைச் சட்டைப் பையில் போடாமல் முதல் சீட்டைப் பிரித்து வைத்திருந்தேன்.

"நோட்டு கொண்டாரலீங்களா? எழுதிக்கலையா?" என்றார்.

"மொதல்ல வாசிச்சுக்கிறேன்" என்றேன்.